ஏலகிரி விடுதி ஜக்கூஸி: தண்ணி கலங்குது, நெடி அடிக்குது, விருந்தினருக்குத் தோலில் தடிப்பு. குளோரின் எவ்வளவு, எப்படிப் போடணும்?

ஏலகிரி_காட்டேஜ்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தனாவூர்ல ரெண்டு காட்டேஜ், பொதுவா வெளியில ஒரு ஜக்கூஸி. அக்ரிலிக் தொட்டி, ஆறு பேர் உட்காரலாம், 1,500 லிட்டர். சூடு 39 டிகிரி. தண்ணி போர்வெல்ல இருந்து நேரா. சனி, ஞாயிறு சாயங்காலம் நாலு பேர், ஆறு பேர்னு ரெண்டு மூணு குரூப் இறங்குவாங்க. மற்ற நாள்ல காலி.

இப்போ போடுறது: மிதவையில 200 கிராம் டி.சி.சி.ஏ. 90 (குளோரின் மாத்திரை) ஒண்ணு, தீர்ந்தா அடுத்தது. அதோட தினமும் காலையில ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர். பஞ்சாயத்து டேங்குக்குப் பார்ப்பாங்களே, அந்த மஞ்சள் கலர் ஓ.டி.ஓ. கிட்ல நல்ல கெட்டி மஞ்சள் காட்டுது. பி.எச். 8.2. தண்ணி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறோம்.

பிரச்சினை: ஞாயிறு காலையில தண்ணி பால் மாதிரி கலங்கி நுரை நிக்குது. குளோரின் நெடி கண்ணை எரிக்குது. போன வாரம் வந்தவங்கள்ல மூணு பேருக்கு ரெண்டு நாள் கழிச்சு இடுப்பு, முதுகுல சிவப்பா பொரிப் பொரியா வந்திருக்கு. ஹீட்டர் பக்கம் வெள்ளையா உப்பு படியுது. இவ்வளவு நெடி இருக்கிறதால குளோரின் ஜாஸ்தியாயிடுச்சோன்னு குறைக்கலாமா? தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க.

---

நீர்க்கணக்கு:

முதலில், தண்ணீரை மாற்றிச் சரிசெய்யும் வரை யாரையும் தொட்டியில் இறக்காதீர்கள். நீச்சலுடை மூடிய இடங்களில் ஓரிரு நாள் கழித்து வரும் சிவப்புப் பொரி, பெரும்பாலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி மயிர்க்கால்களில் புகுவதால் வருவது. பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். அந்தக் கிருமி பெருகுகிற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற இன்னொரு கிருமியும் இருக்க இடமுண்டு. அது 20 முதல் 45 டிகிரிக்குள் வளரும். உங்கள் 39 டிகிரி அதற்கு நல்ல வாழிடம். ஜெட் கிளப்பும் நுண்துளி மூச்சில் போனாலே நுரையீரல் அழற்சி வரலாம், தொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டியதில்லை. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டியைக் கடந்து நடந்தவர்களுக்கு இந்த நோய் பரவி, குறைந்தது 32 பேர் இறந்தார்கள். வந்து போன விருந்தினர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவரிடம் “ஜக்கூஸியில் இருந்தேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் மிக முக்கியம்.

இனி குளோரின். நெடி அடிப்பது குளோரின் போதாததன் அடையாளம். வியர்வை, சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடும் யூரியாவோடும் குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. கண் எரிவதும் நெடியும் அதனால்தான். அது கிருமியைக் கொல்வதில் மிகவும் மந்தம். ஓ.டி.ஓ. கிட் கட்டற்ற குளோரினையும் (எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) குளோரமைனையும் சேர்த்து மஞ்சளாகக் காட்டும். நீங்கள் பார்த்த கெட்டி மஞ்சளில் வேலை செய்யும் குளோரின் கொஞ்சமும் இல்லாமலே போயிருக்கலாம். டி.பி.டி. கிட் வாங்குங்கள். அதில் 1ஆம் எண் மாத்திரை கட்டற்ற குளோரினைக் காட்டும். அதே குழாயில் 3ஆம் எண்ணைச் சேர்த்தால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமைன், அது 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டக் கூடாது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. இளஞ்சிவப்பு தோன்றிய உடனே வெளுத்து, பூஜ்யம் போலக் காட்டி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து பார்த்து, ஐந்தால் பெருக்குங்கள்.

சூடான தொட்டிக்குக் கட்டற்ற குளோரின் குறைந்தது 3 பி.பி.எம்., பி.எச். 7.0 முதல் 7.8 வரை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. விடுதித் தொட்டிக்கு 4 முதல் 5 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம், 7.2இல் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவில் இருக்கும், உங்கள் 8.2இல் ஆறில் ஒரு பங்குதான்.

அடுத்தது மாத்திரை. டி.சி.சி.ஏ. கரையும்போது சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும், ஆவியாகாது. 1,500 லிட்டரில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தாலே 70 பி.பி.எம்.-க்கு மேல் சயனூரிக் சேரும். இரண்டு மாதத்தில் எத்தனை மாத்திரை போயிருக்கும் என்று பாருங்கள். அது குளோரினைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் விடும். பெரிய திறந்தவெளிக் குளத்தில் வெயில் குளோரினைத் தின்னாமல் காக்க அது உதவும், மூடி போட்ட சூடான தொட்டியில் தொல்லைதான். ஒரே வழி தண்ணீரை மாற்றுவது.

ஓர் எச்சரிக்கை: டி.சி.சி.ஏ.-வையும் பிளீச்சிங் பவுடரையும் உலர்ந்த நிலையில் ஒரே மிதவையிலோ, ஒரே கரண்டியிலோ, ஒரே டப்பாவிலோ சேர விடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 5 கிராம், அதில் குளோரின் 30 சதவீதம், ஆக 1.5 கிராம்: உங்கள் தொட்டியில் 1 பி.பி.எம். ஒரு ஆள் ஒரு மணி நேரம் சூடான தண்ணீரில் இருந்தால் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ 7 கிராம் குளோரினைத் தின்னும் என்பது நடைமுறைக் கணக்கு. நான்கு பேர் அரை மணி என்றால் 14 கிராம், அதாவது 9 பி.பி.எம்.-க்கு மேல். எனவே காலையில் ஒரு கரண்டி என்ற முறையை விடுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதை வைத்து மருந்து போடுங்கள்.

பிளீச்சிங் பவுடரை இனி இந்தத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். அதன் சுண்ணாம்பு தண்ணீரைக் கலக்கும், பி.எச்.-ஐ ஏற்றும், ஹீட்டரில் படியும். திரவ ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், 10 சதவீதம் வாங்குங்கள். உங்கள் தொட்டியில் 15 மி.லி. போட்டால் 1 பி.பி.எம். கேனில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வெயிலில் நின்ற கேன் சீக்கிரம் பலம் இழக்கும். 25 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் ஊசிக்குழலால் 1 மி.லி. விட்டுக் கலக்கி டி.பி.டி. போடுங்கள். 4 பி.பி.எம். காட்டினால் 10 சதவீதம் சரி. 2 காட்டினால் அது 5 சதவீதம், அளவை இரட்டியுங்கள்.

---

காட்பாடி_பம்ப்:

மேல சொன்னது எல்லாம் சரி சார். ஆனா தண்ணிய மட்டும் மாத்தி மருந்து போட்டா ரெண்டு வாரத்துல திரும்பவும் இதே கதைதான். அழுக்கு பைப்புக்குள்ள இருக்கு. ஜெட் லைன், புளோயர் காத்து லைன், டைவர்ட்டர் வால்வு (தண்ணிய எந்த ஜெட்டுக்குன்னு திருப்பி விடுறது), இதுக்கெல்லாம் உள்ள வழவழன்னு பாசி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். கிருமி அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதால மேல சுத்துற குளோரின் அதைத் தொடாது. வார நாள்ல தொட்டி காலின்னு சொல்றீங்க, அஞ்சு நாள் ஜெட் ஓடலன்னா படலம் நல்லா வளரும்.

செய்ய வேண்டியது இது. மிதவையை எடுத்துடுங்க. ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழட்டி வெளிய வைங்க. பழைய தண்ணியிலயே ஸ்பா பைப் கிளீனர் போட்டு, ஜெட் எல்லாம் முழுசா திறந்து, புளோயரும் ஆன் பண்ணி, அந்த பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஓட்டுங்க. பழுப்பா, சாம்பலா செதில் வந்து மிதக்கும், துணியால அள்ளிடுங்க. டைவர்ட்டரை ஒவ்வொரு நிலையிலயும் வெச்சு ஓட்டணும். ஒரே நிலையில விட்டா பாதி லைன் அழுக்காவே நிக்கும். அப்புறம் முழுசா வடிச்சு, ஜெட் மூக்கு, தலையணை, மூடியோட அடிப்பக்கம், ஸ்கிம்மர் கூடை எல்லாத்தையும் தேய்ச்சு அலசுங்க. பம்புக்கு அடியில வடிகால் பிளக் இருந்தா அதையும் திறந்து விடுங்க.

மறுபடி நிரப்பி ஹீட்டர் ஆஃப், மூடி திறந்து, 10 சதவீத ஹைப்போ 750 மி.லி. ஊத்துங்க. அது 50 பி.பி.எம். பி.எச். 7.5க்குக் கீழ இருக்கணும், இல்லன்னா வேலைக்கு ஆகாது. ஜெட்டும் புளோயரும் ஆன் பண்ணி ஒரு மணி நேரம். பக்கத்துல குனிஞ்சு நின்னு மூச்சு இழுக்காதீங்க, பசங்களை கிட்ட விடாதீங்க. முடிஞ்சதும் மூடாம வெயில்ல விட்டா குளோரின் இறங்கிடும். டெஸ்ட்ல பூஜ்யம் வந்த பிறகுதான் வடிக்கணும். செடிக்கோ, புங்கனூர் ஏரிப் பக்கம் போற ஓடைக்கோ குளோரினோட விடாதீங்க, மீன் செத்துடும்.

கார்ட்ரிட்ஜ் ரெண்டு வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க. வாரம் ஒரு தடவை மடிப்பு மடிப்பா தண்ணி பீய்ச்சிக் கழுவணும். மாசம் ஒரு தடவை ஃபில்டர் கிளீனர்ல ராத்திரி முழுக்க ஊற வைக்கணும். எண்ணெய் போன பிறகுதான் ஆசிட் தண்ணியில முக்கி உப்பை எடுக்கணும். எண்ணெயோட ஆசிட்ல முக்கினா அது மடிப்புக்குள்ளயே இறுகிடும், கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

---

ஆற்காடு_பூல்ஸ்:

ஒரு மாற்றுக் கருத்து. முதல் வாரம் எஸ்.டி.ஐ.சி. பவுடர் (சயனூரிக் சேர்ந்த குளோரின் பவுடர்) போட்டு, சயனூரிக் 20, 30 பி.பி.எம். வந்ததும் திரவ ஹைப்போவுக்கு மாறுவது வீட்டுத் தொட்டிகளில் பலரும் செய்யும் முறை. 10 பி.பி.எம். குளோரினுக்கு அதில் 9 பி.பி.எம். சயனூரிக் சேரும், கணக்கு வைத்துக்கொண்டால் போதும். சயனூரிக் அறவே இல்லாவிட்டால் சூட்டில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும். தொட்டி வெளியில் இருப்பதால் மூடி திறந்த நேரத்தில் வெயிலும் தின்னும். தலையணை, மூடியின் அடித்தாள் எல்லாம் சீக்கிரம் கெடும்.

---

நீர்க்கணக்கு:

வீட்டில் நான்கு பேர் மட்டும் இறங்கும் தொட்டிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இது காசு கொடுத்து வரும் புதுப்புது ஆட்களின் தொட்டி. குளோரின் கொல்லும் வேகம் இங்கே முக்கியம். சூடான தொட்டிகளில் சயனூரிக் வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இறங்குவது சாயங்காலம்தான் என்பதால் வெயில் இங்கே பெரிய கவலை இல்லை. குளோரின் சீக்கிரம் போகிறது என்றால் அடிக்கடி அளந்து போட வேண்டும், அவ்வளவுதான். மருந்து போட்ட பிறகு அரை மணி மூடியைத் திறந்து ஜெட்டை ஓடவிட்டால் மூடியும் கெடாது.

ஓசோன், யு.வி. கருவி இருந்தாலும் தண்ணீரில் குளோரின் நிற்கத்தான் வேண்டும். அவை தம்மைக் கடக்கும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து வருவதை அவை தடுக்காது.

---

ஏலகிரி_காட்டேஜ்:

ரொம்ப நன்றிங்க. தொட்டிய மூடிட்டேன், வந்தவங்களுக்கும் போன் பண்ணிட்டு இருக்கேன். போர்வெல் தண்ணி ரிப்போர்ட் கையில இருக்கு: கடினத்தன்மை 480, காரத்தன்மை 320, டி.டி.எஸ். 900. இதை வெச்சுக்கிட்டு பி.எச்.-ஐ எப்படி இறக்குறது? ஆசிட் ஊத்தினா மறுநாளே ஏறிடுது. சனிக்கிழமை ராத்திரி குரூப் குரூப்பா வரும்போது என்ன பண்றது? ஆட்டோமேட்டிக் டோசிங் வெச்சா தொல்லை தீருமா?

---

நீர்க்கணக்கு:

பி.எச். மறுநாளே ஏறுவதற்குக் காரணம் அந்த 320 காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். ஜெட் காற்றைக் கலக்கக் கலக்க தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும். காரத்தன்மையை 80க்கு இறக்கினால் ஏற்றம் மெதுவாகும். 480 கடினத்தன்மையை அப்படியே விட்டால் ஹீட்டரில் சுண்ணாம்பு படிவது நிற்காது. இரண்டுக்கும் ஒரே வழி, பாதி ஆர்.ஓ. தண்ணீர், பாதி போர்வெல். கடினத்தன்மை 240, காரத்தன்மை 160 அளவுக்கு வந்துவிடும். சாஃப்ட்னர் வைத்தால் கடினத்தன்மை மட்டும் குறையும், காரத்தன்மை அப்படியே இருக்கும். முழுக்க ஆர்.ஓ. வேண்டாம், பி.எச். நிலையில்லாமல் ஆடும், உலோகப் பாகங்களை அரிக்கும். மலைக்குக் கீழிருந்து லாரித் தண்ணீர் வாங்குவதானால் முதலில் டி.டி.எஸ்., குளோரைடு பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய நிலத்தடி நீரின் உப்பு ஹீட்டர் கம்பியைத் தின்னும்.

உங்கள் 1,500 லிட்டரில் காரத்தன்மை 10 பி.பி.எம். இறங்க 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 30 மி.லி. 160இலிருந்து 80க்கு 230, 240 மி.லி. ஆகும். ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். வாளித் தண்ணீரில் 50 மி.லி. அமிலத்தை விட்டு (அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது), ஜெட் ஓடும்போது சுற்றிலும் ஊற்றி, புளோயரை ஓட்டி அரை மணி கழித்துப் பி.எச். பாருங்கள். 7.0க்குக் கீழே போனால் காத்திருங்கள். காற்றடிக்க அடிக்கத் தானே ஏறும். 7.6 தாண்டியதும் அடுத்த 50 மி.லி. கழிப்பறை ஆசிட் வேண்டாம், அதன் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு, தொட்டியில் கறையாகும். அமிலம் விட்டு அரை மணி ஆகாமல் ஹைப்போ ஊற்றாதீர்கள். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கசிந்து கலந்தால் குளோரின் வாயு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இரண்டையும் தொட வேண்டாம்.

புதுத் தண்ணீரில் முதல் ஹைப்போ விட்டதும் பழுப்பு ஏறினால் போர்வெல் இரும்பு. ஃபில்டர் அதைப் பிடிக்கும், மறுநாள் கார்ட்ரிட்ஜைக் கழுவுங்கள்.

சனிக்கிழமைக்கு: 1,500 லிட்டருக்கு ஒரு தடவையில் நான்கு பேர், 20 நிமிடம். ஆறு இருக்கை என்பது உட்காரும் இடக் கணக்கு, அத்தனை பேரைத் தண்ணீர் தாங்காது. இறங்குமுன் சோப்புப் போட்டு ஷவர் கட்டாயம். தலைக்கு எண்ணெய், சந்தனம், லோஷன், சோப்புத்தூள் போகாத துணி: உங்கள் நுரையின் பெரும்பகுதி இவைதான். முதல் குழு இறங்கும்போது குளோரின் 5 பி.பி.எம். இருக்க வேண்டும். அவர்கள் வெளியே ஏறியதும் டி.பி.டி. பாருங்கள். 2க்கு இறங்கியிருந்தால் 45 மி.லி. ஹைப்போ விட்டு, ஜெட்டை 20 நிமிடம் ஓட்டி, மறுபடி அளந்து, 3க்கு மேல் நின்றால் மட்டும் அடுத்த குழு. மூன்றாவது குழுவுக்கு இந்தத் தொட்டி தாங்காது, வாங்காதீர்கள். கடைசி ஆள் வெளியே ஏறியதும் அன்றைய கணக்குக்கு ஏற்ப 150 மி.லி. அளவில் விட்டு மூடியைத் திறந்து வைத்து அரை மணி ஓட்டுங்கள். காலையில் 3க்கு மேல் நின்று, குளோரமைன் 0.5க்குள் இருந்தால் இரவு போட்டது போதுமானது. பூஜ்யமாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை அதிகம் போட வேண்டும். 10 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கும்போது யாரையும் இறக்க வேண்டாம். வார நாட்களில் ஆள் இல்லாவிட்டாலும் தினமும் ஜெட்டும் புளோயரும் ஓட வேண்டும், 3 பி.பி.எம். நிற்க வேண்டும்.

சூடு 40 டிகிரி தாண்டக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை வையுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தண்ணீர் மாற்றுவது பற்றி: பிரிட்டனின் எச்.எஸ்.ஜி. 282 வழிகாட்டி, வாடகை விடுதித் தொட்டியை ஒவ்வொரு குழு தங்கிப் போன பிறகும் வடித்துக் கழுவ வேண்டும் என்கிறது. ஒரே குழு நீண்ட நாள் தங்கினால் வாரம் ஒரு முறை. மலைமேல் தண்ணீர் அருமை என்பது தெரியும். ஆனாலும் ஞாயிறு இரவு வடித்துத் துடைத்துக் காயவிட்டு, வெள்ளிக்கிழமை நிரப்பினால் வார நாட்களில் மருந்தும் மின்சாரமும் மிச்சம். காலித் தொட்டி என்றால் பைப்பில் தண்ணீர் தேங்காமல் புளோயரால் ஊதிவிட வேண்டும். நிரப்பியதும் 50 பி.பி.எம். ஒரு மணி நேரம் ஓட்டி, குளோரின் 5க்கு இறங்கியதை அளந்த பிறகே விருந்தினர்.

---

காட்பாடி_பம்ப்:

ஆட்டோ டோசிங் பத்தி ஒண்ணு சொல்லணும். வெச்சா நல்லதுதான், ஆனா வயரிங் சரியில்லன்னா ஆபத்து. மலையில கரண்ட் போயிட்டு வர்றது சகஜம். சுத்துற பம்ப் நின்னு, டோசிங் பம்ப் மட்டும் இன்வெர்ட்டர்ல ஓடிட்டு இருந்தா ஹைப்போவும் ஆசிட்டும் நிக்கிற தண்ணியில போய் பைப்புக்குள்ளயே கலக்கும். கரண்ட் வந்து பம்ப் ஓடின உடனே குளோரின் வாயு ஜெட் வழியா தொட்டியில இருக்கிறவங்க முகத்துல அடிக்கும். அதனால டோசிங் பம்புக்கு சப்ளை, சர்க்குலேஷன் பம்போட கான்டாக்டர்ல (பம்பை ஆன், ஆஃப் பண்ற மின் சுவிட்ச்) இருந்து வரணும். லைன்ல ஃப்ளோ சுவிட்சும் வேணும், தண்ணி ஓடலன்னா மருந்து போகக் கூடாது. ரெண்டு மருந்தும் பைப்ல சேர்ற இடம் தள்ளித் தள்ளி இருக்கணும், ஹீட்டரைத் தாண்டின பிறகு. கரண்ட் போனா தொட்டியில இருக்கிறவங்களை வெளிய ஏத்திடுங்க. வந்து பத்து நிமிஷம் பம்ப் ஓடின பிறகு இறங்கட்டும். ஓ.ஆர்.பி. மீட்டர் (குளோரின் கிருமியைக் கொல்ற பலத்தைக் காட்டுற கருவி) வெச்சாலும் கையால டி.பி.டி. பார்க்கிறதை நிறுத்தாதீங்க, அந்த புரோப்ல உப்பு படிஞ்சா தப்பாத்தான் காட்டும்.

---

ஏலகிரி_காட்டேஜ்:

எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டேன். கழுவி முடிச்சதும் லேப் டெஸ்ட் எடுக்கணுமா? குடிநீர் வாரிய லேப்ல குடுத்தா போதுமா?

---

நீர்க்கணக்கு:

கண்டிப்பாக எடுங்கள், விருந்தினரை மறுபடி இறக்கும் முன்னே. குடிநீருக்கான வழக்கமான பரிசோதனை கோலிஃபார்ம், ஈ.கோலை பார்க்கும். அது சுத்தமாக வந்தாலும் சூடோமோனாஸ், லெஜியோனெல்லா இல்லை என்று ஆகாது. இந்த இரண்டின் பெயரையும் எழுதிக்கொடுத்து, செய்வார்களா என்று கேட்டுவிட்டு ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். 100 மி.லி.யில் சூடோமோனாஸ் ஒன்றும் இல்லாமல் வர வேண்டும்.

மாதிரி எடுக்கும் பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். அதில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருக்கும், அதைக் கழுவிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாட்டிலில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்று, தொட்டி சுத்தம் என்று பொய் முடிவு வரும். ஜெட் ஓடும்போது, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே எடுங்கள். அதே நேரத்தில் குளோரின், பி.எச்., சூடு மூன்றையும் அளந்து பாட்டில் சீட்டில் எழுதுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே மலையிறக்கி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். லெஜியோனெல்லா வளர்ப்புச் சோதனைக்குப் பத்து நாள் வரை ஆகும், அதற்கேற்ப முன்பதிவுகளைத் தள்ளி வையுங்கள்.